கிளாஸ் 20 அடம்பிடித்தால் எங்கே கை வைப்பது: அறிகுறி வாரியாக

இங்கிலாந்தில் ஒரு பாரம்பரிய ரயில் பாதையின் ஷெட்டில் சனி, ஞாயிறுகளில் தன்னார்வலராக வேலை பார்க்கிறேன். அங்கே இரண்டு கிளாஸ் 20 வண்டிகள் இருக்கின்றன. இங்குள்ள ரயில் ஆர்வலர்கள் சத்தத்தை வைத்து 'சாப்பர்' என்று செல்லமாகக் கூப்பிடும் அதே வண்டி. பிரிட்டிஷ் ரயில்வேயின் 1955 நவீனமயமாக்கல் திட்டத்தில் முதலில் வந்த மெயின்லைன் டீசல் இதுதான். டி 8000 என்ற முதல் வண்டி 1957 ஜூனில் வந்தது, 1968 வரை மொத்தம் 228 செய்தார்கள். அதில் சில இன்னும் ஓடுகின்றன என்றால் செய்தவர்களைக் கும்பிட வேண்டும். ஆனால் அறுபது வயது தாண்டிய வண்டி, குளிரில் வாரக்கணக்கில் சும்மா நிற்கும் வண்டி, எனவே திரும்பத் திரும்ப அதே ஏழெட்டுக் கோளாறுதான் வரும். புதிதாக வருகிறவர்கள் ஒவ்வொரு முறையும் பெரிய இடத்தில், அதாவது கவர்னரிலோ (இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) ஜெனரேட்டரிலோ தேடத் தொடங்குகிறார்கள். என் அனுபவத்தில் கோளாறு பெரும்பாலும் காற்றுக் குழாயில், ஒரு கான்டாக்டில், அல்லது தண்ணீர் இருக்கக் கூடாத இடத்தில் தண்ணீர் இருப்பதில்தான் இருக்கும். எனவே அறிகுறி வாரியாக, ஒவ்வொன்றிலும் எளிய இடத்தை முதலில் வைத்து எழுதியிருக்கிறேன்.

கீழே 'வண்டி' என்றால் முழு லோகோ. 'இன்ஜின்' என்றால் உள்ளே இருக்கும் இங்கிலீஷ் எலக்ட்ரிக் 8 எஸ்விடி, 8 சிலிண்டர், 1000 குதிரைத்திறன், உச்ச வேகம் நிமிடத்துக்கு 850 சுற்று.

தொடங்கும் முன் இரண்டே விஷயம். கியூபிக்கிள் (மின் கருவிகள் இருக்கும் அலமாரி) கதவைத் திறப்பதென்றால் இன்ஜின் நின்றிருக்க வேண்டும், பேட்டரி சுவிட்ச் பிரிந்திருக்க வேண்டும். கன்ட்ரோல் சர்க்யூட்டின் 110 வோல்ட் டிசியே ஆளை முடித்துவிடும், மெயின் ஜெனரேட்டர் பக்கம் அதைவிடப் பல மடங்கு. அடுத்தது, சூடான இன்ஜினை நிறுத்தியதும் கிராங்க்கேஸ் கதவைத் திறக்காதீர்கள். உள்ளே எண்ணெய் ஆவி இருக்கும், எங்காவது ஒரு பேரிங் கொதித்துக்கொண்டிருந்தால் புதுக் காற்று பட்டதும் வெடிக்கும். ஆற விட்டுத் திறவுங்கள்.

## ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் எதுவுமே நடக்கவில்லை

பேட்டரி சுவிட்ச் போட்டாயிற்றா? சிரிக்காதீர்கள், முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். அப்புறம் மாஸ்டர் ஸ்விட்ச், 'இன்ஜின் மட்டும்' என்ற நிலையில் இருக்கிறதா? முன்னே, பின்னே என்ற நிலைகளில் விட்டுவிட்டு ஸ்டார்ட் செய்ய முயன்றால் வண்டி சரியாகத்தான் மறுக்கிறது.

அதுவும் சரி என்றால் வோல்ட் மீட்டரைப் பாருங்கள். ஊசி எழவே இல்லையா, மெயின் ஃபியூஸ், பேட்டரிப் பெட்டிக்குள் இணைப்புகள். செல்களுக்கு இடையிலுள்ள இணைப்பில் பச்சை பூத்திருந்தால் கழற்றி, சுரண்டி, வாசலின் தடவி இறுக்குங்கள். ஊசி சரியான இடத்தில் நின்றும் ஒன்றும் நடக்கவில்லையா, ஒருவரைப் பட்டனை அழுத்தச் சொல்லிவிட்டு மூடிய கியூபிக்கிள் பக்கம் காதை வையுங்கள். 'டக்' என்று ஸ்டார்ட் கான்டாக்டர் (பெரிய கரன்ட்டை இணைக்கும் ஸ்விட்ச்) உட்காரும் சத்தம் வந்தால் பட்டன் வரைக்கும் சரி, கான்டாக்டரின் முனை கருகியிருக்கும். சத்தமே வரவில்லை என்றால் பட்டனிலிருந்து கான்டாக்டர் காயில் வரை உள்ள கன்ட்ரோல் ஃபியூஸ், இன்டர்லாக் (எல்லாம் சரியான நிலையில் இருந்தால் மட்டும் மூடும் காவல் ஸ்விட்ச்) முனைகள். அந்த முனைகளில் படியும் மெல்லிய துருப் படலம்தான் குளிர்காலத்தில் எங்களை அதிகம் அலைக்கழிப்பது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், சுத்தமான துணியும் கான்டாக்ட் கிளீனரும் போதும்.

## சுற்றத் தொடங்கி முனகிக்கொண்டு நிற்கிறது

இங்கே தயவுசெய்து இன்னொரு முறை பட்டனை அழுத்தாதீர்கள். இந்த வண்டியில் தனி ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது, மெயின் ஜெனரேட்டரையே பேட்டரி மோட்டாராகச் சுற்ற வைக்கிறது, அதன் முறுக்கு விசை எக்கச்சக்கம். சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றிருந்தால் அது சுருங்காது. கனெக்டிங் ராட்தான் வளையும்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஜனவரிக் காலை. வண்டி மூன்று வாரமாக நின்றிருந்தது. எங்கள் வழக்கப்படி சிலிண்டர் ஹெட்டுகளின் டெஸ்ட் காக் (சிலிண்டருக்கு ஒன்றாக இருக்கும் சிறு திறப்பு வால்வு) எட்டையும் திறந்துவிட்டு, இருவர் பார் (நீண்ட இரும்புக் கம்பி) போட்டு இன்ஜினைக் கையால் சுற்றினோம். ஐந்து காக்கிலிருந்து 'புஸ்' என்று காற்று வந்தது. ஆறாவதில் காற்றுக்குப் பதில் குமிழி விட்டுக்கொண்டு இளஞ்சிவப்பாக ஏதோ வழிந்து என் கையுறை மேல் சொட்டியது. தொட்டுப் பார்த்தேன், வழுவழுப்பு இல்லை, எண்ணெய் இல்லை. நாங்கள் ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் மருந்தின் நிறம். அரைக் குவளை இருக்கும். அந்த ஹெட்டில் விரிசல். கழற்றி அனுப்பினோம், செலவு ஆனது, ஆனால் ஒரு ஹெட்டோடு போயிற்று. அன்றைக்கு அவசரப்பட்டுப் பட்டனை அழுத்தியிருந்தால் ராட், பிஸ்டன், லைனர் (சிலிண்டரின் உள்சுவர்) எல்லாம் கணக்கில் வந்திருக்கும்.

எனவே வரிசை இதுதான். காக்குகளைத் திறந்து பார் போட்டு முழுதாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். 4 ஸ்ட்ரோக் இன்ஜின், ஒரு சுற்றுப் போதாது.

எங்கும் திரவம் வரவில்லையா? பேட்டரிதான். ஹைட்ரோமீட்டர் (பேட்டரி அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் கருவி) எடுத்து ஒவ்வொரு செல்லாகப் பாருங்கள். எல்லாம் சமமாகத் தாழ்ந்திருந்தால் சார்ஜ் போட்டால் சரி. ஒன்றோ இரண்டோ மட்டும் மற்றவற்றைவிட நன்றாகக் கீழே இருந்தால் அந்தச் செல்லை மாற்ற வேண்டும், எவ்வளவு சார்ஜ் போட்டாலும் அது மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு போகும்.

டீசல் வந்ததா? இன்ஜெக்டர் ஒழுகுகிறது. அதைக் கழற்றிச் சோதனை மேடையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

தண்ணீர் வந்ததா? மழைத் தண்ணீர் புகைப்போக்கி வழியாக இறங்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு, வண்டி வெளியே நின்றிருந்தால் முதலில் அதை நினையுங்கள். புகைப்போக்கிக்கு ஒரு மூடி போடுவது எவ்வளவு மலிவான வேலை! மழை இல்லை என்றால், அல்லது தண்ணீரில் மருந்தின் நிறம் இருந்தால், அங்கேயே நிறுத்துங்கள். இது ஹெட் கழற்றத் தெரிந்த ஃபிட்டரின் வேலை.

## நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை

முதலில் டேங்க்கில் டீசல் இருக்கிறதா என்று அளவுக் கண்ணாடியில் கண்ணால் பாருங்கள், போன வாரம் நிரப்பியதாக யாரோ சொன்னதை நம்பாதீர்கள்.

அடுத்து எரிபொருள் பம்ப்பின் மோட்டார் ஓடும் சத்தம். கேட்கவில்லை என்றால் அதன் ஃபியூஸ், பிரஷ். கேட்கிறது என்றால் ஃபில்டர். ரொம்ப நாள் நின்ற டேங்க்கில் தண்ணீர் அடியில் தங்கி, டீசலும் தண்ணீரும் சேரும் இடத்தில் கருப்பாக ஒரு கொழகொழப்பு வளரும், அது ஃபில்டரை ஒரே நாளில் அடைத்துவிடும். டேங்க்கின் அடி வடிகாலைத் திறந்து ஒரு கண்ணாடி ஜாடியில் பிடித்துப் பார்த்தாலே தெரியும். ஃபில்டர் மாற்றிய பிறகு காற்றை வெளியேற்ற மறக்காதீர்கள். ஃபில்டரை மாற்றினோம், இன்னும் பற்றவில்லை என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் மறந்தது இதைத்தான்.

டீசல் வருகிறது, இன்னும் பற்றவில்லை. ஓவர்ஸ்பீட் ட்ரிப் (வேகம் எல்லை மீறினால் இன்ஜினை நிறுத்தும் கருவி) விழுந்திருக்கிறதா பாருங்கள், விழுந்திருந்தால் கையால்தான் திரும்ப வைக்க வேண்டும். ஆனால் அது ஏன் விழுந்தது என்று ஷெட் பதிவேட்டில் பார்த்துவிட்டு வையுங்கள். நிஜமாகவே இன்ஜின் வேகம் எகிறி விழுந்திருந்தால் கவர்னரைப் பார்க்க ஆள் வரும் வரை அந்த வண்டி ஓடக் கூடாது.

பிறகு ஃப்யூவல் ராக். பம்ப்புகளை இணைக்கும் அந்தத் தண்டைக் கையால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போய்த் திரும்பி வர வேண்டும். எங்காவது பிடித்தால் ஒவ்வொரு பம்ப்பாக இணைப்பைப் பிரித்துப் பார்த்தால் எது பிடிக்கிறது என்று தெரிந்துவிடும். மெல்லிய எண்ணெய் விட்டு ஆட்டி ஆட்டி விடுவித்தால் நல்லது. விடவில்லை என்றால் அந்த ஒரு பம்ப்பைக் கழற்றி அனுப்புங்கள். பிரித்துப் பார்க்கும் ஆசை வேண்டாம், அதன் உள் உறுப்புகள் முடியைவிட நுண்ணிய இடைவெளியில் பொருந்தியவை.

## பற்றுகிறது, பட்டனை விட்டதும் நின்றுவிடுகிறது

எண்ணெய் அழுத்தம் ஏறும் வரை பட்டனைப் பிடித்திருக்க வேண்டும். குளிர்ந்த இன்ஜினுக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும், புதிய ஓட்டுநர்கள் சீக்கிரம் விட்டுவிடுகிறார்கள். சிவப்பு விளக்கு அணையும் வரை விரலை எடுக்காதீர்கள்.

பிடித்திருந்தும் நிற்கிறதா? டிப் ஸ்டிக் எடுங்கள். எண்ணெய் குறைவு என்றால் ஊற்றுங்கள். அளவு *கூடியிருந்தால்* கவலைப்படுங்கள், டீசலோ தண்ணீரோ கலந்திருக்கிறது. குச்சியில் எண்ணெய் பால் கலந்த காபி மாதிரி இருந்தால் லைனர் சீல் வழியாகத் தண்ணீர் இறங்குகிறது. அதோடு இன்ஜினைத் தொடாமல் தொழில்முறை ஆளைக் கூப்பிடுங்கள்.

எண்ணெய் அளவும் நிறமும் சரி, மீட்டரில் அழுத்தமும் வருகிறது, ஆனாலும் நிற்கிறது என்றால் அழுத்த ஸ்விட்ச்சோ அதன் ஒயரோ. மலிவான வேலை. ஆனால் ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன்: அந்த ஸ்விட்ச்சை ஒயர் போட்டுத் தாண்டி "இன்றைக்கு மட்டும் ஓட்டிக்கொள்வோம்" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். இன்ஜினைக் காப்பாற்ற இருப்பதே அந்த ஸ்விட்ச்தான்.

## இன்ஜின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை

இதில்தான் ஆட்கள் அதிகம் குழம்புகிறார்கள், எனவே நிதானமாகப் பிரித்துப் பாருங்கள். பவர் கைப்பிடியைத் திறக்கும்போது அம்மீட்டரையும் காதையும் சேர்த்துக் கவனியுங்கள்.

### அம்மீட்டர் ஏறுகிறது, வண்டி அசையவில்லை

பிரேக். கைப் பிரேக்கை யாரோ விட மறந்திருக்கிறார்கள், அல்லது பிரேக் கட்டைகள் குளிரில் சக்கரத்தோடு ஒட்டியிருக்கின்றன. இறங்கிப் போய்க் கட்டைகளைக் கண்ணால் பாருங்கள். அதற்கு முன் பவரைக் கூட்டிக் கூட்டி இழுக்காதீர்கள், நின்ற மோட்டாருக்குள் பெரிய கரன்ட் பாய்ந்தால் கம்யூடேட்டரில் (பிரஷ் உரசும் செம்பு உருளை) ஒரே இடம் வெந்துபோகும்.

### அம்மீட்டர் அசையவே இல்லை

முதலில் ரிவர்சர் (வண்டி போகும் திசையை மாற்றும் ஸ்விட்ச்), பிறகு டெட்மேன் பெடலில் (ஓட்டுநர் காலை எடுத்தால் வண்டியை நிறுத்தும் மிதி) கால் அழுந்தியிருக்கிறதா, பிறகு காற்று. மோட்டார் கான்டாக்டர்களை மூடுவது காற்று, ரிவர்சரைத் திருப்புவதும் காற்று. கன்ட்ரோல் ஏர் மீட்டர் குறைவாகக் காட்டினால் மின்சாரத்தில் தேடவே தேடாதீர்கள். பிரேக்கில் போதிய வேக்குவமோ காற்றோ இல்லை என்றாலும் இந்த வண்டி பவர் தராது, அது பாதுகாப்புக்காக வைத்த ஏற்பாடு.

காற்று சரி என்றால் ரிவர்சர் டிரம் முழுதாகத் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். பாதியில் நின்றிருந்தால் இன்டர்லாக் மூடாது. குளிரில் அதன் கிரீஸ் கெட்டியாகி இப்படி நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இன்ஜினை நிறுத்தி, பேட்டரியைப் பிரித்து, சுத்தம் செய்து, புது கிரீஸ் போட்டால் ஓடும்.

### அம்மீட்டர் கொஞ்சம் ஏறுகிறது, ஆனால் இன்ஜின் வேகம் கூடவில்லை

இந்த வண்டியில் கைப்பிடிக்கும் கவர்னருக்கும் இடையில் இருப்பது கம்பியோ ஒயரோ அல்ல, காற்று. கைப்பிடியைத் திறக்கத் திறக்க ஒரு மெல்லிய குழாயில் அழுத்தம் கூடும், கவர்னர் அதைப் பார்த்து வேகத்தைக் கூட்டும். அந்தக் குழாயில் ஒழுகல் இருந்தால் ஓட்டுநர் என்ன கேட்டாலும் இன்ஜினுக்குப் பாதிதான் கேட்கும்.

சோப்புத் தண்ணீரும் ஒரு பெயின்ட் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு கேபிலிருந்து (ஓட்டுநர் அறை) கவர்னர் வரை ஒவ்வொரு இணைப்பாகத் தடவுங்கள். பானெட்டின் பக்கக் கதவுகளைத் திறந்தால் கை எட்டும், அதுதான் இந்த வண்டியின் பெரிய வசதி. போன கோடையில் எங்களை இரண்டு சனிக்கிழமை அலையவிட்ட கோளாறு, கடைசியில் ஒரு யூனியன் நட்டுக்கு அடியில் மிளகு அளவு நுரைக் குமிழியாக எழுந்து வெடித்து மீண்டும் எழுந்தது. கால் சுற்று இறுக்கினோம், அவ்வளவுதான். அதற்குள் கவர்னரைக் கழற்றி அனுப்ப விலை விசாரித்துவிட்டிருந்தோம்.

ஒழுகல் எங்கும் இல்லை, குழாயின் கடைசியில் கேஜ் வைத்துப் பார்த்தால் அழுத்தமும் சரியாக வருகிறது, ஆனாலும் வேகம் கூடவில்லை. இப்போதுதான் கவர்னர். அதை நீங்கள் திறக்கக் கூடாது.

## நீல விளக்கு எரிகிறது, எர்த் ஃபால்ட் ரிலே விழுந்திருக்கிறது

நீல விளக்கு பொதுவான கோளாறு விளக்கு, எனவே முதலில் எந்த ரிலே விழுந்தது என்று உறுதி செய்யுங்கள். எர்த் ஃபால்ட் (கரன்ட் வண்டியின் உடலுக்குக் கசிவது) என்றால் ஒரு முறை திரும்ப வைக்கலாம். ஒரே முறை. மறுபடி விழுந்தால் அந்த வண்டி இன்றைக்கு ரயில் இழுக்காது.

காரணங்களில் முதலாவது ஈரம். நனைந்த இலையுதிர் காலக் காலைகளில் விழுந்து, வண்டி ஓடிச் சூடானதும் காணாமல் போகும். ஷெட்டுக்குள் நிறுத்தி, ஜெனரேட்டர், மோட்டார் மூடிகளைக் கழற்றி ஹீட்டர் வைத்து ஓர் இரவு காய விடுங்கள். இரண்டாவது கார்பன் தூள். பிரஷ் தேய்ந்து விழும் கருப்புப் பொடி எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து பிரஷ் ஹோல்டரின் இன்சுலேட்டர் மேல் ஒரு கோடு போடும், கரன்ட் அந்தக் கோட்டில் நடந்து போகும். காற்று அடித்து விரட்டாதீர்கள், அது உள்ளே போய் மோசமாகும். வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுங்கள், பிறகு பஞ்சு ஒட்டாத துணி.

சுத்தம் செய்யும்போதே கம்யூடேட்டரை நன்றாகப் பாருங்கள். பழைய வெண்கலப் பாத்திரம் போல ஒரே சீரான பழுப்பு நிறமாக இருந்தால் ஆரோக்கியம். ஓரத்தில் கருகல், செம்பு உருகிச் சிதறிய மணிகள் தெரிந்தால் ஃப்ளாஷ்ஓவர் (பிரஷ்களுக்கு இடையே தீப்பொறி தாவுவது) நடந்திருக்கிறது. அதற்கு மேல் மெகர் (இன்சுலேஷனை அளக்கும் கருவி) வைத்து நாலு மோட்டாரையும் ஜெனரேட்டரையும் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் வேலை, தகுதி பெற்ற மின் பணியாளரிடம் விடுங்கள். மோட்டார் ரீவைண்டிங் என்று வந்தால்தான் இந்தக் கட்டுரையிலேயே பெரிய செலவு.

## ஜோடியில் பின்னால் இருக்கும் வண்டி தூங்குகிறது

கிளாஸ் 20க்கு ஒரே கேப். நீளமான பானெட் முன்னால் போனால் ஓட்டுநருக்குப் பாதை சரியாகத் தெரியாது, எனவே மூக்கோடு மூக்காக இரண்டைக் கோப்பார்கள். முன் வண்டி இழுக்கிறது, பின் வண்டி சும்மா வருகிறது என்றால் பின் வண்டிக்கு நோய் என்று முடிவு செய்யாதீர்கள். முதலில் பிரித்துத் தனியாக ஓட்டிப் பாருங்கள். தனியாக ஒழுங்காக ஓடினால் கோளாறு இரண்டுக்கும் நடுவில்.

பின் வண்டி ஸ்டார்ட்டும் ஆகவில்லை, எதற்கும் பதில் இல்லை என்றால் ஜம்பர் கேபிள் (இரு வண்டிகளின் கன்ட்ரோல் சர்க்யூட்டை இணைப்பது). ஸ்டார்ட் ஆகிறது, பவரும் எடுக்கிறது, வேகம் மட்டும் கூடவில்லை என்றால் வண்டிகளுக்கு நடுவிலுள்ள கன்ட்ரோல் காற்றுக் குழாய். அதன் காக் இரண்டு பக்கமும் திறந்திருக்கிறதா? ஜம்பரின் பிளக்கை டார்ச் அடித்துப் பின் பின்னாகப் பாருங்கள், ஏதாவது ஒன்று மற்றவற்றைவிட உள்ளே போயிருக்கும், அல்லது பச்சை பிடித்திருக்கும். வேறு ஜம்பர் இருந்தால் மாற்றிப் போட்டுப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

## புகை

பாரம்பரியப் பாதைகளில் வேகம் பெரும்பாலும் மணிக்கு 25 மைல்தான். 1000 குதிரைத்திறன் இன்ஜினுக்கு அது வேலையே இல்லை, நாளெல்லாம் ஐடிலில் ஓடும். எனவே எண்ணெய் எக்ஸாஸ்ட்டில் சேர்ந்து, ஏற்றத்தில் பவர் திறந்ததும் நீலப் புகையாகக் கொட்டும். சில நிமிடத்தில் தெளிந்தால் பயப்பட வேண்டாம், நின்றிருக்கும்போது இன்ஜினை நிறுத்தும் பழக்கத்தைக் கொண்டு வாருங்கள். தெளியவே இல்லை, எண்ணெயும் குறைந்துகொண்டே வருகிறது என்றால் டர்போ சீல், வால்வ் கைடு, பிஸ்டன் ரிங் என்று செலவு ஏறும்.

கருப்பு என்றால் முதலில் காற்று ஃபில்டர், அப்புறம் இன்ஜெக்டர்கள், அப்புறம் டர்போ. டர்போவில் உலோகம் உரசும் சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள்.

வெள்ளை, குளிர்ந்த இன்ஜினில் சாதாரணம். சூடான பிறகும் வெள்ளை, ரேடியேட்டர் தண்ணீரும் குறைகிறது என்றால் மேலே சொன்ன டெஸ்ட் காக் சோதனைக்குப் போங்கள்.

## சூடு ஏறுகிறது

தண்ணீர் அளவு, ஷட்டர் திறக்கிறதா, விசிறி சுற்றுகிறதா, ரேடியேட்டரில் இலை அடைத்திருக்கிறதா, இந்த வரிசை. ஷட்டர் திறக்காவிட்டால் கையால் திறந்துவைத்து ஷெட்டுக்குத் திரும்பலாம். தண்ணீர் அடிக்கடி குறைந்து வெளியே எங்கும் ஒழுகல் தெரியாவிட்டால், அந்தத் தண்ணீர் இன்ஜினுக்குள்தான் போகிறது.

## வேக்குவம் 21 அங்குலம் வரவில்லை

இது பிரேக் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி உருவாக்கும் வேக்குவம், பாதரச அங்குலத்தில் அளப்பது. ஊரில் பழைய பெட்டிகளில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. வண்டியைப் பெட்டிகளிலிருந்து பிரித்து, ஹோஸைத் தன் டம்மியில் (ஹோஸின் வாயை அடைக்கும் முளை) மாட்டி மறுபடி உருவாக்கிப் பாருங்கள். 21 வந்தால் ஒழுகல் பெட்டிகளில், கடைசிப் பெட்டியின் டம்மியிலிருந்து தொடங்கி ஹோஸ் வாஷர்களைப் பாருங்கள். வரவில்லை என்றால் வண்டியிலேயே. முதலில் ஹோஸ், அடுத்து எக்ஸாஸ்டர் (காற்றை உறிஞ்சும் பம்ப்) முழு வேகத்தில் சுற்றுகிறதா, அதன் எண்ணெய் அளவு. எக்ஸாஸ்டரும் கம்ப்ரஸரும் சேர்ந்து சோம்பலாகச் சுற்றினால் அவற்றைப் பிரிக்காதீர்கள், பேட்டரி சார்ஜ் அம்மீட்டரைப் பாருங்கள். இன்ஜின் ஓடும்போதும் அது டிஸ்சார்ஜ் காட்டினால் துணை ஜெனரேட்டரின் பிரஷ்களையும் வோல்டேஜ் ரெகுலேட்டரையும் பார்க்க வேண்டும். பிரஷ் நீங்களே மாற்றலாம், ரெகுலேட்டரைத் தெரிந்தவர் மட்டும் தொடட்டும். எந்தப் பழுதாக இருந்தாலும், அதைச் சரிசெய்த பிறகு முழுப் பிரேக் சோதனை செய்து பதிவேட்டில் கையெழுத்துப் போடாமல் வண்டியைப் பயணிகள் பெட்டிகளோடு கோக்காதீர்கள்.